புழு இருக்கிறது என்று சொன்ன வீடுகள்

துறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டு, "சார், உங்கள் அனுபவத்தை எங்களுக்காக எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டீர்கள். மாதிரி எடுப்பது எப்படி, பூச்சியை ஊசியில் குத்தி வைப்பது எப்படி, கட்டுரையை எந்தப் பத்திரிகைக்கு அனுப்பினால் திருப்பி அனுப்பாமல் இருப்பார்கள் என்றெல்லாம் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கு நான் எதற்கு? போனைத் தட்டினால் வந்து கொட்டுகிறது. நான் எழுதப்போவது கறிவேப்பிலைச் செடியைப் பற்றி. சிரிக்காதீர்கள். வாழ்நாள் முழுக்கப் பூச்சிகளோடு மல்லுக்கட்டியவன் நான். பூச்சியைக்கூடப் புரிந்துகொண்டுவிடலாம், அதைப் பார்த்தேன் என்று சொல்கிற மனிதர்களைப் புரிந்துகொள்வதுதான் பெரும்பாடு என்று எனக்குக் காட்டியது அந்தச் செடிதான்.

முதலில் ஒரு சின்னக் கதை. நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது எனக்கு வழிகாட்டியாக இருந்தவரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மேலுலகத்திலிருந்தே, "என் பேரை எதுக்குடா இழுக்கறே?" என்று திட்டுவார். மழைக்காலத்தில் ஒரு பருத்தி வயலுக்கு என்னை அனுப்பினார். நான் காய்ப்புழுக்களை எண்ணி, அழகாகக் கட்டம் போட்டு எழுதிக்கொண்டு வந்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர், தாளை விட்டுவிட்டு என் காலைப் பார்த்தார்.

"செருப்புல சேறே இல்லையே?"

உள்ளே சேறாக இருந்ததால் வரப்போரத்துச் செடிகளை மட்டும் பார்த்தேன் என்றேன்.

"அப்ப இது புழுக் கணக்கு இல்லை. உன் செருப்பு அழுக்காகாம எவ்வளவு தூரம் போலாம்கற கணக்கு" என்று சொல்லித் தாளை என் கையிலேயே திணித்துவிட்டார். நான் அன்று மதியமே திரும்ப வயலுக்குப் போனேன்.

இனி கறிவேப்பிலை. ஊரடங்குக் காலத்தில் மும்பையில் எல்லோருக்கும் திடீரென்று செடி வளர்க்கும் ஆசை வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நம் ஆட்கள் வீட்டில் ரோஜாவா வைப்பார்கள்? மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் எந்தத் தமிழ் வீட்டு ஜன்னலைப் பார்த்தாலும் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருந்தது. ஊரடங்கு தளர்ந்த சமயத்தில், நகர்ப்புறத் தோட்டம், நிலைத்த வளர்ச்சி என்று வாய் நிறைய ஒரு பெயர் வைத்து எங்கள் துறைக்கு ஓர் ஆய்வுத் திட்டம் வந்தது. பெயரைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் கேள்வி சின்னதுதான். தொட்டிக் கறிவேப்பிலையை மொட்டையடிக்கும் பட்டாம்பூச்சிப் புழுவை வேப்பங்கொட்டைக் கரைசலால் அடக்க முடியுமா, இல்லை கடையில் விற்கிற பூச்சி மருந்துதான் கதியா? கேள்வி சின்னது என்றாலும் அந்த இலையைத்தான் தினமும் கிள்ளி ரசத்தில் போடுகிறோம், குழந்தைக்கும் ஊட்டுகிறோம்.

எங்களோடு கூட்டுச் சேர்ந்திருந்த ஒரு வேளாண் நிலையத்தார்தான் முறையை வகுத்துக் கொடுத்தார்கள். வயல்களில் அவர்கள் காலங்காலமாகச் செய்து வருவது அது. ஆய்வில் சேர்ந்த ஒவ்வொரு வீட்டுக்கும் வாராவாரம் போன் போட்டு, "புழு வந்திருக்கா?" என்று கேட்க வேண்டும். இருக்கிறது என்றால் நேரில் போய் எண்ணி, கரைசல் தெளித்துவிட்டு வர வேண்டும். இல்லை என்றால் போக வேண்டாம், இல்லை என்று குறித்துக்கொண்டால் போதும். விவசாயிக்கு இது சரி. வயலில் புழு இல்லையென்றால் அவன் நிம்மதியாகப் படுத்துத் தூங்குவான். மும்பை ஃப்ளாட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று அவர்களும் நினைத்தார்கள், நாங்களும் நினைத்தோம்.

அந்த வேலையைச் செய்தவள் என் ஆராய்ச்சி மாணவி செல்வி. தாராவியில் பிறந்து வளர்ந்த பெண். அப்பா இட்லி வியாபாரம். விடியும் முன்னே அவித்து சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எத்தனையோ காலமாகியும் அவள் பேச்சில் ஊர் வாசனை போகவில்லை. டிகிரிக்கு மேல் படித்தவர்கள் அந்த வீட்டில் யாரும் கிடையாது. அண்ணன்காரன், "என்னட்டி, இன்னைக்கு எத்தன புழு?" என்று தினமும் கிண்டல் செய்வானாம். அவளுக்கு உதவித்தொகை அந்த வருடக் கடைசியோடு தீர்ந்துவிடும். அதற்குள் டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் கால் சென்டர் வேலைக்குப் போவதென்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். ஒரு சுற்றமே, 'நம்ம பிள்ள டாக்டராவப் போகுது' என்று காத்துக்கொண்டிருந்தது. எந்த டாக்டர் என்று அவர்களுக்குச் சரியாக விளங்கவில்லை என்பது வேறு விஷயம்.

வீடுகளைச் சேர்ப்பதற்காக முதல் தடவை நானும் கூடப் போனேன். செம்பூரில் ஒரு பழைய குடியிருப்பு, லிஃப்ட் இல்லாத நான்காம் மாடி. கதவைத் திறந்தவர் விஜயா. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செல்வி தெரியாமல் "மாமி" என்று கூப்பிட்டுவிட்டாள். "எந்த மாமாவோட மாமிடீ நான்?" என்று ஒரு அதட்டல் போட்டார். அன்றிலிருந்து ஆன்ட்டி. வந்த விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"புழுவைப் பார்க்க ஆளா? நன்னா இருக்கு. மனுஷாளைப் பார்க்கவே ஒருத்தரும் வரதில்லை."

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஆய்வு நடந்தது. விவரங்கள் சேரச் சேர ஒரு விசித்திரம் தெரிந்தது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் ஆட்கள் நிறைந்த வீடுகளில் வேப்பங்கொட்டை பிரமாதமாக வேலை செய்தது. ஒருமுறை தெளித்தால் அப்புறம் புழுவே இல்லை. செம்பூர், சான்பாடா, வாஷி ஃப்ளாட்டுகள் பலவற்றில் எத்தனை தடவை தெளித்தாலும் புழு திரும்பத் திரும்ப வந்தது. விடுவோமா? மாடியின் உயரம், காற்று, வெயில், கரைசல் சீக்கிரம் காய்ந்துபோவது என்று காரணம் கண்டுபிடித்துப் பக்கம் பக்கமாக எழுதினோம். வேளாண் நிலையத்தார் அதை வைத்து ஒரு துண்டறிக்கையே தயார் செய்துவிட்டார்கள்: மாடி வீட்டுக்காரர்கள் கடை மருந்தைப் பயன்படுத்தவும். எங்கள் இறுதி அறிக்கை கையில் கிடைத்ததும் அச்சுக்குப் போகும். செல்வியின் ஆய்வேடும் அதே விவரங்களின் மேல்தான் நின்றது.

அறிக்கை திங்கட்கிழமை போக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை நான் கடைசியாக ஒருமுறை விவரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். விஜயாவின் வீட்டில் கண் நின்றது. வீட்டைச் சேர்த்த வாரம் செடி சுத்தம், ஒரு முட்டைகூட இல்லை. அடுத்த வாரம் விரல் தடிமனில் பச்சைப் புழுக்கள். இந்தப் புழு பிறக்கும்போது காக்கை எச்சம் மாதிரி ஒரு பொட்டாக இருக்கும். அது தின்று, தோலுரித்து, பச்சையாகி அந்த அளவுக்கு வருவதற்கு ஒரு வாரம் எந்த ஊரிலும் போதாது.

செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது எப்படிம்மா?"

அவள் மேசை விளிம்பைச் சுரண்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நான் பாத்துட்டேன் சார். மூணு வாரத்துக்கு முன்னாலயே."

நடந்தது இதுதான். விஜயா அவளுக்கு ஒரு டப்பாவில் தவலடை செய்து கொடுத்தனுப்பியிருக்கிறார். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம் வீடுகளில் ஏது? செல்வியின் அம்மா முந்திரிக்கொத்து செய்து டப்பாவை நிரப்பி, "ஆறிப்போவும் முன்ன குடுத்துட்டு வா" என்று அன்றைக்கே விரட்டியிருக்கிறார். அன்று செல்வி போக வேண்டிய நாள் இல்லை. போய்ப் பார்த்தால் கதவு ஒருக்களித்துக் கிடக்கிறது. உள்ளே பால்கனியில் விஜயா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு எலுமிச்சைக் கிளையிலிருந்து பச்சைப் புழுக்களை ஒரு கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கறிவேப்பிலையின் மேல் விட்டுக்கொண்டிருக்கிறார். எலுமிச்சையையும் தின்பது இதே புழுதான். கீழே குடியிருப்புத் தோட்டத்தில் ஒரு எலுமிச்சை மரம் இருந்தது. வாட்ச்மேன்தான் கிளையை ஒடித்துக் கொடுப்பானாம்.

"நீ என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணல சார். ரெண்டடி பின்னால போயி, பெல் அடிச்சேன். அவிய கெளைய ஒளிச்சு வச்சுட்டு வந்து தொறந்தாவ. உக்காந்தேன். காப்பி குடிச்சேன். அடுத்த வாரம் போன் போட்டா, 'நிறைய வந்திருக்குடீ, சீக்கிரம் வா'ன்னாவ. போயி எண்ணி எழுதிட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "தெரிஞ்சே எழுதினியா? படிச்சவ செய்யற வேலையா இது? ஏன்?"

அவள் அழவில்லை. என்னைப் பார்க்காமல் பேசினாள். "சார், எங்க வீட்டுல ஒரே ரூம். அப்பா, அம்மா, அண்ணன், மதினி, பிள்ளைய, எல்லாரும் அதுக்குள்ளதான். ஒரு நிமிசம் தனியா இருக்க முடியாது. ஆனா, இன்னைக்கு என்ன பண்ணுன, சாப்ட்டியா, ஏன் மூஞ்சி வாடிக்கெடக்குன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாவ. அவிய மேலயும் தப்பில்ல, நேரம் கெடையாது. ஆன்ட்டி கேப்பாவ. நான் அங்கன போவேணும்னுதான் எனக்கும் இருந்துச்சு. புழு வேணும்னு அவியளுக்கு இருந்துச்சுன்னா எனக்கும் இருந்துச்சு சார்."

அப்போது நான் கல்லூரியின் மாணவர் நலக் குழுவில் உறுப்பினர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'மனம்விட்டுப் பேசுங்கள், கேட்க நாங்கள் இருக்கிறோம்' என்று ஒவ்வொரு மாடியிலும் போஸ்டர் ஒட்டியிருந்தோம். கேட்பதற்கென்று ஒதுக்கிய அறை பூட்டியே கிடக்கும். சாவி ஹெட்கிளார்க்கிடம். அவர் அரைநாள் லீவில் இருப்பார். இந்தப் பெண் தன் மனசைத் திறக்க எங்கள் அறையை எல்லாம் விட்டுவிட்டு செம்பூரில் நாலு மாடி ஏறியிருக்கிறாள்.

கோபம் வடிந்துவிட்டது. "சரி, அந்த ஒரு வீட்டைக் கணக்கிலிருந்து எடுத்துடலாம்" என்றேன். துறைத் தலைவருக்கும் போன் போட்டுச் சொன்னேன். அவர் மராத்திக்காரர், என்னிடம் பம்பாய் இந்தியில்தான் பேசுவார். "அரே சார், ஏக் கர் நிகால் தோ, கதம்! மண்டே ரிப்போர்ட் பேஜோ" என்று முடித்துவிட்டார். ஒரு வீட்டைத் தூக்கிவிட்டு அனுப்பு, விஷயம் முடிந்தது.

செல்வி போகவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

"ஒரு வீடுன்னா எடுத்துரலாம் சார். புழு திரும்பத் திரும்ப வாரதா சொல்லுற வீடுகள நெனச்சுப் பாத்தேன். சான்பாடால அந்த பேங்க் அங்கிள், பிள்ளைய எல்லாம் வெளிநாட்டுல. வாஷில அந்த அக்கா, வீட்டுக்காரர் கப்பல்ல. எல்லாமே தனியா இருக்குற ஆளுங்க. புழுவப் பாத்துட்டுக் கெளம்புனா, செத்த உக்காந்துட்டுப் போன்னு சொல்லாத வீடு அதுல ஒண்ணுகூட கெடையாது."

என் செருப்பில் சேறு இல்லாத நாள் எனக்கு நினைவுக்கு வந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நாங்கள் இருவரும் போன் போடாமல், சொல்லாமல் கொள்ளாமல் வீடு வீடாக ஏறி இறங்கினோம். புழு இல்லை என்று சொல்லியிருந்த வீடுகளுக்கு முதலில் போனோம். தாராவியில் தையல் வேலை செய்யும் ஒரு அக்கா வீடு. எப்போதும் 'இல்லை'தான். ஜன்னல் தொட்டியில் இலையைத் திருப்பினால் புழு கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்கிறது.

"இல்லன்னு சொன்னீங்களே அக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கும்ணே, யாரு பாத்தா? இருக்குன்னு சொன்னா நீங்க வந்துருவீங்க. வந்தா உக்கார எடம் வேணும்லா? தச்சதையெல்லாம் அள்ளி எங்க கொண்டு வைக்க? நாளைக்கு டெலிவரி. அதான், போன் வந்தா இல்லன்னு சொல்லிருவேன்."

மாட்டுங்காவில் கூட்டுக் குடும்பம் ஒன்று. போனை எடுக்கிற மருமகளுக்கு நிற்க நேரமில்லை. அங்கேயும் 'இல்லை', அங்கேயும் புழு. புழு விடாமல் வருகிறது என்று சொன்ன வீடுகளில் இரண்டில் செடி பளிச்சென்று இருந்தது. சான்பாடா பேங்க் அங்கிள் கதவைத் திறந்து எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, அடுத்த நொடியே பதறிப்போனார். "காலம்பற இருந்தது சார், நிஜமா இருந்தது, பறவை கிறவை கொத்திண்டு போயிருக்கும்" என்று செடியைச் சுற்றிச் சுற்றித் தேடினார். அந்த மனிதர் என்னைவிடப் பெரியவர். அவர் குனிந்து தேடுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

கல்லூரிக்குத் திரும்பும் ரயிலில் இரண்டு நாள் குறிப்புகளையும் மடியில் விரித்துப் பார்த்தோம். வீட்டுக்கு யாராவது வந்தால் தேவலை என்று நினைத்தவர்களுக்குப் புழு இருந்தது. யாரும் வராமல் இருந்தால் போதும் என்று நினைத்தவர்களுக்குப் புழு இல்லை. இத்தனை காலம் நாங்கள் எண்ணியது அதைத்தான். வேப்பங்கொட்டை வேலை செய்ததா இல்லையா என்று எங்கள் விவரங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அதை நம்பி மாடிவீட்டுக்காரர்கள் அத்தனை பேரையும் விஷம் தெளிக்கச் சொல்லும் துண்டறிக்கை தயாராக இருந்தது.

குர்லாவில் வண்டி நின்றபோது கேட்டேன். "நான் உள்ளதை உள்ளபடி எழுதினா இந்த வருஷ வேலை மொத்தமும் போச்சு. உன் உதவித்தொகையும் போயிடும். தெரியுமில்லையா?"

"தெரியும் சார்."

"அழறியா?"

"ஆமா சார். நீங்க எழுதுங்க."

எழுதினேன். திங்கட்கிழமை காலை துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, காது கூசும்படி கத்தினார். வேளாண் நிலையத்தார் கூட்டுறவே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். துண்டறிக்கை அச்சாகவில்லை, அது ஒன்றுதான் லாபம். உதவித்தொகையை நீட்டிக்கக் கேட்டுப் படியேறாத அறை இல்லை, கிடைக்கவில்லை. இன்னொரு பருவம் ஆய்வை நடத்திக்கொள்ள அனுமதி மட்டும் கொடுத்தார்கள். செல்வி வீட்டில் பெரிய ரகளை. "போதும்ட்டி, நீ புழுப் பிடிச்சது" என்று அண்ணன் கத்தினானாம். யாரும் எதிர்பாராமல் அப்பாதான், "இன்னும் ஒரு வருசம்லா, படிக்கட்டும்" என்று சொல்லி வாயை அடைத்திருக்கிறார். அவள் மாலையில் தாராவிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு ஆய்வைத் தொடர்ந்தாள்.

பிள்ளைகளே, நெருக்கடியில் உங்களுக்கு எளிதான வழியை யாராவது கட்டாயம் காட்டுவார்கள். 'ஒரு வீட்டை எடுத்துவிடு' என்பது மாதிரி, கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். அந்த ஒன்று ஏன் அப்படி ஆனது என்று கேட்டுவிட்டுப் பிறகு எடுங்கள். கேட்டால் பல நேரம் எடுக்க மனசு வராது. எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. இழப்பதற்கு எல்லாமும் இருந்த பெண்ணுக்குத்தான் தோன்றியது.

விஜயாவிடம் சொல்ல வேண்டுமே. இருவருமாகப் போனோம். நான் நாசூக்காகத்தான் ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

"நீங்க என்ன கேட்டேள்? புழு இருக்கான்னு கேட்டேள். இருந்தாத்தான் வருவோம்னேள். இருந்தது. இதுல என் தப்பு என்ன?"

நான் செல்வியைத் திரும்பிப் பார்த்தேன். விஜயா விடவில்லை.

"இல்லைன்னு சொல்லியும் பார்த்தேனே. 'சரி ஆன்ட்டி'ன்னு டக்குனு வச்சுடறா இவ. பத்து வார்த்தை முழுசா இருக்காது. ஆயுசு முழுக்க ஊரார் பேச நான் லைன் போட்டுக் குடுத்தேன் சார். இப்ப எனக்கு ஒரு கால் வராது."

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். விஜயாவே கேட்டார். "இப்ப என் வீட்டை என்ன பண்ணப்போறேள்?"

"கணக்கிலிருந்து எடுக்கறோம்" என்றேன். வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"எடுங்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குள் போனார். குழாய் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. செல்வி உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த பருவம் முறையை மாற்றினோம். புழு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா வீட்டுக்கும் வாராவாரம் நேரில் போவது. முன்கூட்டிச் சொல்வதில்லை. உட்காருவதில்லை, காபி கிடையாது, செடியைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வேப்பங்கொட்டை எங்கேயும் அற்புதம் செய்யவில்லை, எங்கேயும் கைவிடவும் இல்லை. விடாமல் தெளித்தால் போதும் என்று தெரிந்தது. செல்வி பட்டம் வாங்கினாள். அவள் அப்பா எங்கள் துறைக்கு ஒரு அடுக்கு நிறைய இட்லி கொண்டுவந்தார். கத்தின துறைத் தலைவர்தான் அதிகம் சாப்பிட்டார்.

அவளுக்குத் தமிழ்நாட்டில் ஒரு வேளாண் கல்லூரியில் வேலை கிடைத்தது. ரயிலேற்ற நானும் போயிருந்தேன். வண்டி கிளம்பும் நேரத்தில் என்னை மட்டும் ஜன்னலருகே கூப்பிட்டாள்.

"சார், ஆன்ட்டி வீட்டுக்கு நான் வாராவாரம் போய்ட்டுதான் இருந்தேன். கணக்குல இல்லாத வீடுதான, அங்கன உக்காரலாம்லா? அவிய தனியா இருக்காவ. நீங்க அப்பப்ப போய்ப் பாத்துக்குவீயளா?"

தலையாட்டினேன். அப்புறம் எல்லோரையும் போல நானும் தள்ளிப்போட்டேன். என் மனைவி தவறிப் பல வருடங்களாகிவிட்டன. சான்பாடாவில் தனியாகத்தான் இருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு காலை பேப்பரைக்கூட விளம்பரம் விடாமல் படித்து முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று உட்கார்ந்திருப்பேன். இருந்தும் செம்பூருக்குப் போக நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருநாள் செல்வி போனில், "போனீயளா சார்?" என்று கேட்டுவிட்டாள். வெட்கமாகிவிட்டது. அந்த வாரமே போனேன்.

விஜயா கதவைத் திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செல்வி அனுப்பினாளா?"

"ஆமாம். உங்களைப் பார்த்துக்கச் சொல்லியிருக்கா" என்றேன், ஏதோ பெரிய பொறுப்பை ஏற்றுக்கொண்டு வந்தவன் போல.

அவர் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. "நன்னா இருக்கு போங்கோ! என்கிட்ட உங்களைப் பார்த்துக்கச் சொல்லிட்டுன்னா போயிருக்கா?"

எனக்குப் புரியவில்லை.

"என் வீட்டை எடுத்துடறோம்னு சொன்னேளே, அன்னிக்கு நான் உள்ள போய் அழுதுண்டிருந்தேன். இவ வந்து என்ன சொன்னா தெரியுமோ?" என்று சொல்லிவிட்டு, செல்வியின் குரலையும் இழுவையையும் அப்படியே பேசிக் காட்டினார். ஆபரேட்டராக இருந்தவருக்குக் குரல்கள் மறப்பதில்லை. "'அழாதீய ஆன்ட்டி, நீங்க மட்டுமா? எங்க சாரும் அப்படித்தான். நாங்க எழுதிக் குடுத்ததுல தப்பே இல்லாத பக்கத்துலயும் தப்பு இருக்குன்னு சொல்லி ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வரச்சொல்லுவாவ. போனா அந்தத் தப்பப் பத்திப் பேசவே மாட்டாவ. டீ போட்டுக் குடுப்பாவ, பக்கத்து வீட்டுச் சண்டைய சொல்லுவாவ, போவ விட மாட்டாவ. நாங்க எல்லாரும் தெரிஞ்சேதான் போவோம்.'"

எனக்கு முகமெல்லாம் சுட்டது. எத்தனை வருடம், எத்தனை மாணவர்கள்! என் கண்டிப்புக்காகத்தான் வருகிறார்கள் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். பாவம், தெரிந்தேதான் வந்திருக்கிறார்கள். விஜயா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "உக்காருங்கோ, காபி கலக்கறேன்" என்று எழுந்து போனார். நான் அங்கேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

திருத்தித் தரச் சொல்லி நீங்கள் எனக்கு அனுப்பியிருந்த கட்டுரையை இரண்டு முறை படித்துவிட்டேன். நன்றாக இருக்கிறது. எங்கேயும் ஒரு பிழைகூட இல்லை, அப்படியே அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சான்பாடாவுக்கு வாருங்கள். வேலை ஒன்றும் இல்லை. எனக்குப் பேச ஆள் வேண்டும்.